எச் 79: மாட்சுமோட்டோவிலிருந்து வந்த ஒரு கிரெகோ பாஸ்

உறையைத் திறந்து பாஸ் கிட்டாரை வெளியே எடுத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஹெட்ஸ்டாக் எனும் தலைப்பக்கமிருந்து நெக்கை, அதாவது கழுத்தை, நீளவாக்கில் பார்த்தேன். வில் போல வளைந்திருந்தது. ஜப்பானில் இருந்து அனுப்பியவர் கம்பிகளைக் கொஞ்சமும் தளர்த்தவில்லை. நான்கு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். அந்த இழுப்போடு கிடங்கு, விமானம், சுங்கம் எல்லாவற்றையும் தாண்டிச் சென்னை ஆகஸ்ட் மாதப் புழுக்கத்தில் வந்து இறங்கியிருக்கிறது.

அந்த ஒரு பாஸைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. 1979-ல் செய்த கிரெகோ என்ற ஜப்பான் பிராண்ட், அமெரிக்க ஃபெண்டர் நிறுவனத்தின் ஜாஸ் பாஸ் வடிவம், சன்பர்ஸ்ட் நிறம், எடை 4.3 கிலோ. என்ன வாங்கினேன், என்ன குறை இருந்தது, எதைச் சரிசெய்தோம், எதைத் தொடாமல் விட்டோம் என்று ஒரு நோட்டில் குறித்து வந்தேன். அதிலிருந்து எழுதுகிறேன். பழைய ஜப்பான் பாஸ் வைத்திருக்கிறேன் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, "லாசூட் காலத்துப் பீஸா?" என்பதைத்தான். லாசூட் என்றால் வழக்கு; பிரதி எடுத்ததற்காக வழக்கு நடந்த காலத்துச் சரக்கா என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வி நம்மைத் தவறான பக்கம் கொண்டுபோகிறது என்பது என் எண்ணம். அதற்கான காரணத்தை இந்த பாஸையே வைத்துச் சொல்கிறேன்.

அடையாளம் கண்டது

நெக்கைப் பாடியோடு பிடித்திருக்கும் உலோகத் தகடான நெக் பிளேட்டில் எச் என்ற ஆங்கில எழுத்தும், அதை ஒட்டி 79 என்று தொடங்கும் எண்ணும் குத்தியிருக்கின்றன. அந்தக் காலத்தில் மாட்சுமோட்டோ ஊரின் ஃபூஜிஜென் ஆலையிலிருந்து வந்த கிரெகோ, ஐபனீஸ் பிராண்டுக் கிட்டார்களில் முதல் எழுத்து மாதத்தைக் குறிக்கும். ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். அடுத்த இரண்டு இலக்கங்கள் ஆண்டு. எச் எட்டாவது எழுத்து, ஆக 1979 ஆகஸ்ட்.

ஆனால் நெக் பிளேட்டை மட்டும் நம்பி முடிவுக்கு வரக் கூடாது. நான்கு திருகைக் கழற்றினால் அந்தத் தகடு எந்த பாஸில் வேண்டுமானாலும் ஏறிவிடும். அதனால் நெக்கைக் கழற்றி அடிப்பகுதியைப் பார்த்தேன். 600 என்று மங்கிய முத்திரை இருந்தது. அன்றைய ஜப்பானில் மாடல் எண்ணே விலைச்சீட்டு. கிரெகோவில் 600 என்றால் கடை விலை 60,000 யென். சில ஆண்டுகள் கழித்து வந்த ஃபெண்டர் ஜப்பானிலும் இதே வழக்கம் தொடர்ந்தது, 115 என்று முடிந்தால் 1,15,000 யென். 1979-ல் ஒரு டாலருக்குச் சுமார் 220 யென் என்று வைத்தால், என் பாஸ் அன்று 270 டாலர் பெறும். மலிவுச் சரக்கு இல்லை, உச்சத்தில் இருந்ததும் இல்லை. நடுத்தரமான, கணக்குப் பார்த்துச் செய்த பொருள்.

பாடி மரம் முதல் பார்வைக்கு ஆஷ் போலத் தெரிந்தது. உண்மையில் அது சென், ஜப்பானிலேயே வளரும் மரம். ரேகை ஆஷ் மரத்தைப் போலவே நீளநீளமாக ஓடும். எழுபதுகளில் ஜப்பான் ஆலைகள் ஆஷுக்குப் பதிலாக இதைத் தாராளமாகப் பயன்படுத்தின. பல விற்பனை விவரங்களில் "ஆஷ் பாடி" என்று போட்டிருப்பார்கள். எனக்கு விற்றவரும் அப்படித்தான் போட்டிருந்தார். அதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தப்பட்டது வேறொன்றுக்கு. "எல்லாம் அசல்" என்று எழுதியிருந்தார், ஆனால் ஹெட்ஸ்டாக்கின் பின்பக்கத்துக்குப் படம் போடவில்லை. ஸ்ருதி சேர்க்கும் ட்யூனர் நான்கும் பிற்காலத்தில் மாற்றியவை. பழைய திருகுத் துளைகளை மரக்குச்சியால் அடைத்து மேலே வார்னிஷ் பூசியிருந்தார்கள். பின்பக்கப் படத்தைக் கேட்டு வாங்காதது என் தவறு. இப்போது யார் என்னிடம் யோசனை கேட்டாலும் முதலில் கேட்கச் சொல்வது அந்தப் படத்தைத்தான், அடுத்து பாடியில் நெக் உட்காரும் குழியான நெக் பாக்கெட் படம்.

நெக்

நெக்கில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான பிரெட்டுகளில் முதலாவதிலும் கடைசியிலும் கம்பியை அழுத்திக்கொண்டு எட்டாவது பிரெட்டில் இடைவெளியை அளந்தால் நெக்கின் வளைவு தெரியும். எனக்கு 0.3 மில்லிமீட்டர் இருந்தால் போதும். இதில் 1.2 இருந்தது. பன்னிரண்டாவது பிரெட்டில் ஈ கம்பி நாலு மில்லிமீட்டருக்கு மேல் தூக்கி நின்றது. வாசிக்க முடியும், ஆனால் கால் மணி நேரத்தில் இடது மணிக்கட்டு வலிக்கும்.

வட சென்னையில் மாடி வீட்டில் கிட்டார் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். பார்த்த உடனே டிரஸ் ராடை, அதாவது வளைவைச் சரிசெய்ய நெக்கின் உள்ளே ஓடும் இரும்புத் தண்டை, முறுக்குவார் என்று நினைத்தேன். அவர் கம்பிகளைத் தளர்த்தி, பாஸைப் படுக்க வைத்துவிட்டார்.

"தம்பி, இது எங்கேயும் ஓடிடாது. பத்து நாள் இப்படியே கிடக்கட்டும். மரம் முதல்ல நம்ம ஊரைப் பழகிக்கட்டும்."

"சரிங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மாட்சுமோட்டோ நாகானோ மாகாணத்தில், மலைகள் சூழ்ந்த உள்நாட்டு ஊர். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 600 மீட்டர் உயரம், குளிர்காலத்தில் காற்று வறண்டிருக்கும். மரவேலைக்கு ஏற்ற இடம். அங்கே காய்ந்து வடிவம் எடுத்த மேப்பிள் மரம் கடலோரச் சென்னையில் ஈரத்தை உறிஞ்சி அசையத்தான் செய்யும். அசைந்து முடிக்கும் முன் ராடை முறுக்கினால் இரண்டாவது முறையும் முறுக்க வேண்டி வரும்.

பத்து நாள் கழித்து 1.2 என்பது 1.0 ஆகியிருந்தது. அப்புறம்தான் வேலை தொடங்கியது. இந்த பாஸில் டிரஸ் ராட் நட் நெக்கின் அடிப்பக்கம் இருக்கிறது, அறுபதுகளின் ஃபெண்டர் முறை. அதைத் திருப்ப நெக்கையே கழற்ற வேண்டும். கம்பியைத் தளர்த்து, நான்கு திருகைக் கழற்று, நட்டைக் கால் சுற்று திருப்பு, திரும்ப மாட்டு, ஸ்ருதி சேர், ஒரு இரவு விடு, காலையில் அள. இப்படி ஒவ்வொரு கால் சுற்றுக்கும் ஒரு நாள் போனது. மூன்றாவது நாளில் நட் மேலே திரும்பவில்லை. ராடில் மரை தீர்ந்துவிட்டது. இதற்கு முன் யாரோ நெக்கை நிமிர்த்தாமல் நட்டை மட்டும் முறுக்கித் தள்ளியிருக்கிறார்கள்.

பலர் இந்த இடத்தில்தான் "ராட் செத்துப்போச்சு, நெக்கை மாத்திடுங்க" என்பார்கள். பெரியவர் நட்டை முழுவதும் கழற்றி வெளியே எடுத்தார், உள்ளே இரண்டு வாஷர் போட்டார். வாஷரின் கனம் அளவுக்கு மரை மறுபடி கிடைத்துவிட்டது. பிறகு நெக்கை ஒரு நேரான இரும்புச் சட்டத்தின் மேல் வைத்து, இரண்டு முனையிலும் சிறு மரத்துண்டு கொடுத்து, நடுவில் கிளாம்ப் போட்டுக் கொஞ்சமாகப் பின்பக்கம் வளைத்தார். அந்த நிலையில் நட்டை இறுக்கினார். நெக்கை நிமிர்த்தும் வேலையைக் கிளாம்ப் செய்கிறது, ராட் அதைப் பிடித்து வைக்கிறது. ராடை மட்டும் வைத்து நிமிர்த்தப் பார்த்தால் ஒரு நாள் அது முறிந்துவிடும். ஒரு இரவு கழித்துக் கிளாம்பை எடுத்துக் கம்பி ஏற்றியபோது 0.4.

நெக் பாக்கெட்டில் ஒரு சின்ன விஷயம் கண்ணில் பட்டது. தீப்பெட்டி அட்டை கனத்தில் ஒரு துண்டு, விரல் நகம் அகலம், அதில் பாதி வெட்டுப்பட்ட ஒரு ஜப்பானிய எழுத்து. நெக்கின் சாய்வைச் சரிசெய்ய யாரோ வைத்திருக்கிறார்கள். ஆலையிலா, பிறகு ஏதாவது கடையிலா, தெரியவில்லை. பெரியவர் அதை ஊதித் துடைத்து, வைத்திருந்த அதே இடத்தில் திரும்ப வைத்தார். சாய்வு சரியாகவே இருந்தது, மாற்றத் தேவை வரவில்லை.

பிரெட்டுகள் முதல் ஐந்தில் ஈ, ஏ கம்பிகளுக்குக் கீழே குழி விழுந்திருந்தன. இந்த பாஸ் அலமாரியில் தூங்கவில்லை, யாரோ நன்றாக வாசித்திருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. புதுப் பிரெட் போடாமல் மட்டப்படுத்தி, தலையை உருட்டி, மெருகேற்றினோம். இன்னும் ஒரு முறை இப்படிச் செய்ய உயரம் மிச்சமிருக்கிறது.

பிக்கப்பும் வயரிங்கும்

கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுவது பிக்கப். வந்த அன்றே நெக் பக்கத்துப் பிக்கப்பில் சத்தம் இல்லை. மல்டிமீட்டரை வைத்தால் பிரிட்ஜ் பக்கம், அதாவது பாடியில் கம்பிகளைத் தாங்கும் முனைப் பக்கம், 7.4 கிலோ ஓம் காட்டியது, நெக் பக்கம் எதுவும் காட்டவில்லை. உள்ளே எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. உடனே புதுப் பிக்கப் ஜோடி வாங்கிவிடலாம் என்று எனக்கும் ஆசை வந்தது. வாங்கவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது சுருளின் முடிவுக் கம்பி, பற்றவைத்த கண்ணிக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னால் பச்சை படிந்து அறுந்திருந்தது. தலைமுடி கனம்தான் இருக்கும் கம்பி. ஊசி முனையால் ஒரே ஒரு சுற்றைப் பிரித்து, எனாமலைச் சுரண்டி, கண்ணியில் திரும்பப் பற்றவைத்தோம். 7.2 கிலோ ஓம். அந்த ஒரு சுற்றால் தொனியில் வித்தியாசம் வராது.

வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பாட்டுகள் (பொட்டென்ஷியோமீட்டர்கள்) கரகரத்தன. கிளீனர் அடித்து ஐம்பது முறை திருப்பியதில் இரண்டு தேறிவிட்டன, ஒன்றை மாற்றினோம். இங்கே எல்லோரும் சிக்குவது அளவில். ஜப்பான் பாட்டின் தண்டு 6 மில்லிமீட்டர். அமெரிக்க முறைப் பாட்டுக்கு கால் அங்குலம், அதாவது 6.35. அமெரிக்கப் பாட்டை வாங்கிவிட்டால் பழைய குமிழ் உட்காராது, சில சமயம் தகட்டுத் துளையையும் பெரிதாக்க வேண்டி வரும். துளையைப் பெரிதாக்கிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப வழியில்லை. திருகுகளும் அப்படியே, ஜப்பானில் மில்லிமீட்டர் கணக்கு. இறுக்கிப் பிடித்து அங்குலத் திருகை ஓட்டி மரையைக் கெடுத்த பிரிட்ஜ்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு பிக்கப்பையும் முழுதாகத் திறந்தால் இரைச்சல் அடங்குகிறது, ஒன்றைக் குறைத்தால் லேசான ஹம் எட்டிப் பார்க்கிறது. எதிரெதிராகச் சுற்றிய சிங்கிள் காயில் ஜோடிக்கு அதுதான் இயல்பு. பிரிட்ஜ் பக்கம் தனியாக வாசிக்கும்போது வரும் அந்த இறுக்கமான, மூக்கடைத்த நடுத்தொனிக்காகத்தான் ஜாஸ் பாஸ் வைத்துக்கொள்வது. எண்பதுகளின் இளையராஜா பாடல்களில் பாட்டைவிட பாஸைப் பின்தொடர்ந்து கேட்டு வளர்ந்தவன் நான். ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக விழ வேண்டும் என்பதில் என் காது பிடிவாதமாக இருக்கும். இந்த பாஸ் அந்தப் பிடிவாதத்துக்கு ஈடு கொடுக்கிறது.

"லாசூட்" என்ற சொல்

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். 1977-ல் அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான கிப்சனின் தாய் நிறுவனம் நார்லின், ஐபனீஸின் அமெரிக்க விநியோக நிறுவனமான எல்ஜர் மீது பிலடெல்பியாவில் வழக்குப் போட்டது. பிரச்சினை ஹெட்ஸ்டாக்கின் வடிவம். அடுத்த ஆண்டே நீதிமன்றத்துக்கு வெளியே பேசி முடித்துவிட்டார்கள். வழக்கு இவ்வளவுதான். ஃபெண்டர் அதில் கட்சிக்காரர் இல்லை. கிரெகோவும் இல்லை. ஜாஸ் பாஸ் வடிவத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. ஆனாலும் எழுபதுகளில் ஜப்பானில் செய்த எதற்கும் "லாசூட்" என்று பெயர் ஒட்டி விலையைக் கூட்டுகிறார்கள்.

எனக்கு இதில் வருத்தம் விலைக்காக மட்டும் இல்லை. அந்தச் சொல், இந்த பாஸின் மதிப்பே அது எதைப் போல இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது என்று நம்மை நம்ப வைக்கிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த ஜப்பான் பிரதிகளில் ஒட்டுப்பலகை பாடி, மட்டமான வயரிங், ஒரு வருடத்தில் முறுக்கிக்கொள்ளும் நெக் எல்லாம் உண்டு. தோற்றத்தில் அவையும் அச்சு அசல்தான். லாசூட் முத்திரை அவற்றுக்கும் இவற்றுக்கும் வித்தியாசம் சொல்லாது.

வித்தியாசம் வந்தது வேறு காரணத்தால். ஃபெண்டர் 1965-ல் சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போனது. எழுபதுகளில் அதன் வேலைப்பாட்டில் பிசிறு தட்டியது என்பதை ஃபெண்டர் அன்பர்களே ஒப்புக்கொள்வார்கள். அதே சமயத்தில் ஜப்பான் உள்ளூர்ச் சந்தையில் கிரெகோ, டோக்காய், ஃபெர்னாண்டஸ் எல்லாம் ஒரே வடிவத்தை, ஒரே விலைப் படிகளில் வைத்து விற்றன. 60,000 யென் கிரெகோவும் அதே விலை டோக்காயும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கின. வடிவமும் ஒன்று, விலையும் ஒன்று என்றால் வாங்க வருபவர் எதைப் பார்ப்பார்? நெக் பாக்கெட்டில் இடுக்கு இருக்கிறதா, பிரெட் முனை கையைக் கீறுகிறதா, பூச்சு சுத்தமாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். ஆலைகள் போட்டி போட்டது அந்த இடத்தில்தான். 1960-ல் மாட்சுமோட்டோவில் தொடங்கிய ஃபூஜிஜென் அந்தப் போட்டியில் தேறிய ஆலை. கிரெகோ என்ற பெயர் கண்டா ஷோக்காய் என்ற வணிக நிறுவனத்துடையது, செய்து கொடுத்தது ஃபூஜிஜென்.

1982-ல் ஃபெண்டர் ஒரு முடிவெடுத்தது. கண்டா ஷோக்காய், யமானோ கக்கி என்ற இரண்டு ஜப்பான் நிறுவனங்களோடும் சேர்ந்து ஃபெண்டர் ஜப்பானைத் தொடங்கியது. உற்பத்திக்குத் தேர்ந்தெடுத்த ஆலை ஃபூஜிஜென். கிரெகோவின் ஃபெண்டர் பிரதிகள் அத்தோடு நின்றன. எந்த ஊரில் நேற்றுவரை ஃபெண்டர் பெயர் போடாத பிரதிகள் வந்தனவோ, அதே ஊரில் அதே ஆலையில் மறுநாளிலிருந்து அதிகாரபூர்வப் பெயரோடு வந்தன. ஐரோப்பாவுக்குப் போனவற்றுக்கு ஸ்கொயர் என்ற பெயரையும் போட்டார்கள். ஜேவி என்று தொடங்கும் எண் கொண்ட அந்த முதல் தொகுதிக்கு இன்று இருக்கும் கிராக்கி எல்லோருக்கும் தெரியும். 1985-ல் சிபிஎஸ் ஃபெண்டரை விற்றபோது அமெரிக்க ஆலை கைமாறவில்லை. புது ஆலை எழும்பும்வரை அந்தப் பெயரைத் தாங்கிப் பிடித்ததில் பெரும் பங்கு ஜப்பானுக்கு உண்டு.

நண்பர் ஒருவரிடம் 1984-க்குப் பிந்தைய, ஈ எண் கொண்ட ஃபெண்டர் ஜப்பான் ஜாஸ் பாஸ் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் கழற்றிப் பக்கத்தில் வைத்து வெர்னியரால் அளந்தோம். நெக் அடியின் அகலத்தில் கால் மில்லிமீட்டர் வித்தியாசம்கூட இல்லை. நெக்கின் பின்புற உருட்டல் மட்டும் என்னுடையதில் கொஞ்சம் பருமன். இரண்டே இரண்டு பாஸை வைத்து ஓர் ஆலையைப் பற்றித் தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆனால் பெயர் இருப்பதற்கும் இல்லாததற்கும் சந்தையில் உள்ள விலை வித்தியாசம் கையில் எனக்குத் தெரியவில்லை.

ஜப்பான் பாஸ் என்றால் பிரதி மட்டும்தான் என்று யாரும் நினைக்க வேண்டாம். யமஹாவின் பிபி வரிசை 1977-லிருந்து வருகிறது. அதே மாட்சுமோட்டோவில், ஒரு காலத்தில் சிங்கர் தையல் இயந்திரங்களுக்கு மரப்பெட்டி செய்த மாட்சுமோக்கு ஆலையில், நொபுவாகி ஹயாஷி வடிவமைத்த ஆரியா புரோ டூ எஸ்பி-1000 உருவானது. பாடியின் நடுவே நெக் ஊடுருவிப் போகும், ஒரே பிக்கப், பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் சர்க்யூட். பிரிட்டிஷ் இசைக்குழு டுரான் டுரானின் ஜான் டெய்லர் ஆரம்ப வருடங்களில் ஆரியாவைத்தான் தோளில் மாட்டியிருந்தார். மாட்சுமோக்கு 1987-ல் மூடப்பட்டது. டாலர் மதிப்பைக் குறைக்கப் பெரிய நாடுகள் செய்துகொண்ட 1985 செப்டம்பர் பிளாசா உடன்பாட்டுக்குப் பிறகு, யென்னுக்கு எதிரான டாலர் மதிப்பு இரண்டே ஆண்டில் ஏறக்குறைய பாதியாக இறங்கியது, மலிவு விலை கிட்டார்களை ஜப்பானில் செய்து ஏற்றுமதி செய்வது கட்டுப்படியாகாமல் வேலை கொரியாவுக்குப் போனது. எழுபதுகளின் நடுவிலிருந்து அதுவரையான பத்துப் பன்னிரண்டு வருட இடைவெளியில் செய்தவைதான் இன்று நாம் தேடி அலைகிற பாஸ்கள்.

இப்போதைய நிலை

ட்யூனர்களை அப்படியே விட்டிருக்கிறேன். ஸ்ருதி நிற்கிறது. சேகரிப்பவர் கண்ணுக்கு அது குறை, விற்றால் விலை இறங்கும். வாசிப்பவனுக்கு அது குறையே இல்லை. கழற்றிய பழைய பொட்டென்ஷியோமீட்டரையும் பழைய டிரஸ் ராட் வாஷரையும் தேதி எழுதிய கவரில் போட்டு உறைக்குள் வைத்திருக்கிறேன். எனக்குப் பிறகு இதை எடுப்பவருக்கு எது எப்போது மாறியது என்று தெரிய வேண்டும். இந்த பாஸை எனக்கு முன்னால் வைத்திருந்தவர்கள் அதைச் செய்திருந்தால், மரை தீர்ந்த கதை எனக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

சுவரில் மாட்டுவதில்லை. வெளிச்சுவர் மழைக்காலத்தில் ஊறும். உறைக்குள், சிலிக்கா ஜெல் பையோடு, ஒரு சின்ன ஈரப்பத மானியும் போட்டு வைக்கிறேன். 60-க்கு மேல் போனால் ஜெல்லை மாற்றுவேன். கம்பிகளைத் தினமும் தளர்த்தி ஏற்றுவது தவறு, ராடும் கம்பியும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருந்தால்தான் நெக் அமைதியாக இருக்கும். நீண்ட பயணம் என்றால் மட்டும் ஒன்றரை சுற்றுத் தளர்த்துகிறேன்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிரெட்டுகள் பதித்த ரோஸ்வுட் பலகையான பிரெட்போர்டுக்கு இரண்டு சொட்டு எண்ணெய். எழுபதுகளில் கிட்டாரில் ரோஸ்வுட் என்றால் பெரும்பாலும் இந்திய ரோஸ்வுட். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மரம், நம் ஊரில் ஈட்டி, தோதகத்தி என்போம். எண்ணெய்த் துணியால் துடைத்ததும் அந்தக் கருஞ்சிவப்பும் ஊதாக் கோடும் மேலெழும்பும்போது பெரியவர் சொன்னார்: "இது இங்கேருந்து போன மரமா இருக்கும் தம்பி. அதான் இவ்ளோ சீக்கிரம் பழகிடுச்சு."

கடைசியாக அளந்தது கார்த்திகையில், நல்ல மழைக்கு நடுவே: எட்டாவது பிரெட்டில் 0.45, பன்னிரண்டில் ஈ கம்பி 2.4. தை பிறந்து காற்று காய்ந்ததும் மறுபடி அளக்க வேண்டும். கால் சுற்று தளர்த்த வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.